பனிமலையின் பிள்ளை ஸெனோ கொலோ

1956ஆம் ஆண்டு ஜனவரி மாதம். இத்தாலியின் வடக்கே உள்ள கோர்ட்டினா என்னும் மலை நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் முதன்முறையாக இத்தாலியில் நடைபெறவிருந்தன. ரோம் நகரில் ஏற்றப்பட்ட ஒலிம்பிக் சுடர் பல கைகள் மாறி மலையடிவாரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் பயணத்தில் ஒரு பகுதி பனிச்சரிவின் வழியே அமைந்திருந்தது. கையில் எரியும் தீப்பந்தத்துடன், கால்களில் சறுக்குப் பலகைகளுடன் ஒருவர் மலையிலிருந்து நகரை நோக்கி இறங்கி வந்தார். அவருக்கு வயது 35.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவரை அறியாத இத்தாலியர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆயினும், சொந்த நாட்டில் நடைபெற்ற அந்த ஒலிம்பிக்கில் போட்டியிட அவருக்கு அனுமதி இல்லை. சுடரை ஏந்தலாம், பந்தயத்தில் ஓடக்கூடாது. அவர்தாம் ஸெனோ கொலோ. வெற்றி வீரர் ஒருவருக்கு ஏன் இந்த நிலை ஏற்பட்டது? அதை அறிய அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

மரங்களின் ஊர்

இத்தாலியின் முதுகெலும்பைப் போல் நீண்டு கிடப்பது அப்பென்னைன் மலைத்தொடர். அதில் தஸ்கனி மாநிலத்தின் எல்லையில் ஒரு கணவாய் உள்ளது. அங்கே அமைந்த சிற்றூர் அபெத்தோனே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவ்வூருக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு மரத்தால்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் மலையைக் கடந்து செல்ல ஒரு சாலை அமைத்தார்கள். அப்போது வழியில் நின்ற மாபெரும் ஊசியிலை மரம் ஒன்றை வெட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பெருமரத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது.

மரத்தால் பெயர் பெற்ற ஊரில் மரத்தால் பிழைத்த குடும்பங்கள் பல. அத்தகைய மரம் வெட்டும் குடும்பம் ஒன்றில் 1920ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ஸெனோ கொலோ பிறந்தார். செல்வம் இல்லாத வீடு. வளர்ந்த பின் அவரும் கோடரியைத் தூக்கினார். மரம் வெட்டுவது எளிய வேலையன்று. செங்குத்தான சரிவில் கால் ஊன்றி நிற்க வேண்டும். தோளும் இடுப்பும் தொடையும் ஒன்றுபோல் உழைக்க வேண்டும். விழும் மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கணத்தில் கணிக்க வேண்டும். பனிச்சறுக்கு வீரர் ஒருவருக்குத் தேவையான உடலுரமும் சமநிலையும் துணிவும் அந்த வேலையிலேயே அடங்கியிருந்தன. பிற்காலத்தில் உலகம் வியந்த ஆற்றல் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் உருவானதன்று. காட்டிலும் சரிவிலும் உருவானது.

குளிர்காலத்தில் அபெத்தோனே வெண்பனியால் மூடப்படும். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் காணும் வெப்பமண்டல நாட்டினர்க்கு இதைக் கற்பனை செய்வது கடினம். வீதியும் வயலும் கூரையும் ஒரே நிறமாகிவிடும். மலையூர்ச் சிறுவர்களுக்கோ அதுவே விளையாட்டுத் திடல். இரண்டு நீண்ட மரப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு சரிவில் சறுக்கி இறங்குவார்கள். சறுக்கியபின் மீண்டும் மேலே ஏற வேண்டும். பத்து நிமிடம் ஏறினால் ஒரு நிமிடம் சறுக்கலாம். அந்த ஒரு நிமிட இன்பத்திற்காக அவர்கள் சலிக்காமல் ஏறினார்கள்.

ஸெனோ 14 வயதில் போட்டிகளில் கலந்துகொள்ளத் தொடங்கினார். வெகு விரைவில் இத்தாலியத் தேசிய அணியினரின் கவனத்தை ஈர்த்தார். அதே ஊரில், அதே 1920ஆம் ஆண்டில் பிறந்த செலினா செகி என்னும் பெண்ணும் பின்னர்ப் புகழ்பெற்ற பனிச்சறுக்கு வீராங்கனையானார். ஒரு சிற்றூர் ஒரே ஆண்டில் இரண்டு உலகத்தர வீரர்களைப் பெற்றெடுத்தது வியப்பிற்குரியது.

போர் பறித்த ஆண்டுகள்

விளையாட்டு வீரரின் வாழ்வில் இருபது வயதை ஒட்டிய ஆண்டுகள் பொன்னானவை. உடல் வலிமையின் உச்சத்தில் இருக்கும் காலம் அது. ஆனால், ஸெனோ கொலோ இருபது வயதை எட்டுவதற்கு முன்பே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு நடைபெறவேண்டிய ஒலிம்பிக் நடைபெறவில்லை. 1944ஆம் ஆண்டுப் போட்டியும் கைவிடப்பட்டது. அந்த 1944ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக், கோர்ட்டினாவிலேயே நடைபெறவிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கொலோ படையில் சேர்க்கப்பட்டார். பனிச்சறுக்கில் தேர்ந்தவர் என்பதால் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் பணியாற்ற அனுப்பப்பட்டார். 1943ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் செய்துகொண்டது. உடனே ஜெர்மானியப் படை இத்தாலியின் பெரும்பகுதியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. இத்தாலியப் படைவீரர் பலர் என்ன செய்வதென்று அறியாமல் தவித்தனர். சிலர் மலை எல்லையைக் கடந்து, போரில் கலந்துகொள்ளாத சுவிட்சர்லாந்துக்குள் அடைக்கலம் புகுந்தனர். கொலோவும் அங்கே தங்கவைக்கப்பட்டார். சொந்த ஊரைக் காண முடியாத நிலையிலும் பனியும் சரிவும் அவருக்குக் கிடைத்தன. சறுக்குவதை அவர் விட்டுவிடவில்லை.

போர் முடிந்தபோது அவருக்கு 25 வயது. இழந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தர இயலாது. சிறந்த ஆட்டக்காலத்தை இழந்துவிட்டோமே என்று மனம் தளர்ந்து கோடரியையே நம்பி வாழ்ந்திருந்தால், அவரைக் குறைகூற யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அவர் மீண்டும் பலகைகளைக் கட்டினார்.

காற்றை வெல்லும் வழி

1947ஆம் ஆண்டு மே மாதம். ஆல்ப்ஸ் மலையில், இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லையில் செர்வீனியா என்னும் ஊர் உள்ளது. அதற்கு மேலே பனிப்பாறைகள் நிறைந்த உயர்ந்த சரிவுகள் இருக்கின்றன. அங்கே வேகச் சாதனைக்கான முயற்சி நடைபெற்றது. இதில் வளைந்து நெளிந்து செல்ல வேண்டியதில்லை. செங்குத்தான சரிவில் நேராகப் பாய வேண்டும். ஒரு குறிப்பிட்ட சிறு தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கொண்டு வேகம் கணக்கிடப்படும்.

அன்று கொலோ எட்டிய வேகம் மணிக்கு 159 கிலோமீட்டருக்கும் மேல். அப்படியென்றால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 44 மீட்டர். காற்பந்துத் திடல் ஒன்றின் நீளத்தை இரண்டரை வினாடிக்குள் கடந்துவிடும் வேகம் அது. அவர் அமர்ந்திருந்தது காரில் அன்று. நின்றிருந்தது இரண்டு மரப் பலகைகள் மீது. இன்று வீரர்கள் அணியும் வழுவழுப்பான சிறப்பு உடையோ, காற்றைக் கிழிக்கும் வடிவில் அமைந்த தலைக்கவசமோ அன்று இல்லை. காலணிகள் தோலால் ஆனவை. தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. அந்தச் சாதனை 1960ஆம் ஆண்டு வரை, அதாவது பதின்மூன்று ஆண்டுகள், முறியடிக்கப்படாமல் நின்றது.

இந்த வேகத்திற்குத் துணிவு மட்டுமே காரணமன்று. கொலோ காற்றைக் கூர்ந்து கவனித்தவர். ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காற்று கையைப் பின்னுக்குத் தள்ளுவதை உணரலாம். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்கிறது அறிவியல். அக்காலப் பனிச்சறுக்கு வீரர் பலர் சமநிலைக்காகக் கைகளை விரித்து, உடலைச் சற்று நிமிர்த்தியே சறுக்கினர். காற்று அவர்கள் மார்பில் மோதி வேகத்தைக் குறைத்தது. கொலோ முழங்கால்களை மடக்கினார்; முதுகைத் தாழ்த்தினார்; கைகளை முன்னே கொண்டுவந்து உடலை ஒடுக்கிக்கொண்டார். பார்ப்பதற்கு முட்டைபோல் தோன்றும் இந்த நிலையைப் பின்னர் வந்த வீரர்கள் மேலும் செம்மைப்படுத்தினர். பிரான்சு நாட்டு வீரர் ஜான் வுவார்னே 1960ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இவ்வகை நிலையைக் கொண்டு இறக்கப் பந்தயத்தில் தங்கம் வென்றார். இன்று உலகெங்கும் வேகப் பந்தய வீரர்கள் குனிந்து ஒடுங்கிச் சறுக்குவதற்கு வழிகாட்டிய முன்னோடிகளுள் கொலோவும் ஒருவர்.

உச்சியைத் தொட்ட நாள்கள்

மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் அக்காலத்தில் மூன்று முக்கியப் பந்தயங்கள் இருந்தன. டவுன்ஹில் எனப்படும் இறக்கப் பந்தயத்தில் வேகமே முதன்மை. ஸ்லாலம் பந்தயத்தில் நெருக்கமாக நடப்பட்ட கம்புகளுக்கு இடையே சட்டென வளைந்து வளைந்து செல்ல வேண்டும். பெரிய ஸ்லாலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கம்புகளின் இடைவெளி அதிகம், வேகமும் அதிகம். ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றிலும் சிறந்து விளங்குவது அரிது. ஓட்டப்பந்தயத்தில் 100 மீட்டர் ஓடுபவரே தடையோட்டத்திலும் முதலிடம் பெறுவதைப் போன்றது அது.

1948ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில் போருக்குப் பிந்திய முதல் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றது. எதிர்பார்ப்புகள் நிறைந்திருந்தன. ஆனால், கொலோ பதக்கம் ஏதுமின்றித் திரும்பினார். அவருக்கு அப்போது 27 வயது. அடுத்த ஒலிம்பிக்கின்போது 31 ஆகிவிடும். மலைச்சரிவில் பாயும் வீரருக்கு அது இளமையான வயதன்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஆஸ்பென் நகரில் உலக வெற்றியாளர் போட்டி நடைபெற்றது. ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்து, பின்னர் நலிந்துபோன நகரம் அது. பனிச்சறுக்கே அதற்கு மறுவாழ்வு தந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே நடைபெற்ற முதல் உலக வெற்றியாளர் போட்டி என்ற பெருமையும் ஆஸ்பெனுக்கு உண்டு. பெரிய ஸ்லாலம் அப்போட்டியில்தான் முதன்முறையாகத் தனிப் பந்தயமாகச் சேர்க்கப்பட்டது.

அங்கே கொலோ தம் முழு ஆற்றலையும் காட்டினார். இறக்கப் பந்தயத்தில் தங்கம். பெரிய ஸ்லாலத்தில் தங்கம். ஸ்லாலத்தில் வெள்ளி. மூன்று பந்தயங்கள், மூன்று பதக்கங்கள். அவருடைய ஊர்க்காரரான செலினா செகியும் மகளிர் ஸ்லாலத்தில் வெண்கலம் வென்றார். கடல் கடந்த தொலைநாட்டில் அபெத்தோனே என்ற சிற்றூரின் பெயர் உச்சரிக்கப்பட்டது.

1952ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் நடைபெற்றது. இறக்கப் பந்தயம் நகரிலிருந்து தொலைவில் இருந்த நோரேஃபியெல் மலையில் நடந்தது. கொலோ 2 நிமிடம் 30.8 வினாடியில் சரிவைக் கடந்தார். ஆஸ்திரிய வீரர் ஓத்மார் ஷ்னைடர் 2 நிமிடம் 32 வினாடியில் வந்து வெள்ளி பெற்றார். மற்றோர் ஆஸ்திரியரான கிறிஸ்டியன் பிராவ்டா அவரை அடுத்து வந்தார். முதல் இருவருக்கும் இடையே வேறுபாடு 1.2 வினாடி மட்டுமே. ஒருமுறை மூச்சை உள்ளிழுக்கும் நேரம் அது. ஆனால், அந்த ஒரு மூச்சுக்காகக் கொலோ பதினெட்டு ஆண்டுகள் உழைத்திருந்தார். ஆல்ப்ஸ் நாடுகளுக்கே உரியதெனக் கருதப்படும் மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் இத்தாலி பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. மற்ற இரண்டு பந்தயங்களிலும் அவர் நான்காம் இடத்தைப் பெற்றார். பதக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இரண்டு முறை நழுவவிட்டாலும், 31 வயதில் மூன்று பந்தயங்களிலும் முதல் நால்வருள் ஒருவராக வந்தது எளிய செயலன்று.

பெயருக்கு வந்த விலை

அக்கால ஒலிம்பிக் போட்டிகளில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. அமெச்சூர் வீரர் மட்டுமே போட்டியிடலாம் என்பதே அது. விளையாட்டை விளையாட்டுக்காகவே நேசித்து, அதனால் பணம் ஈட்டாதவரே அமெச்சூர் வீரர். விளையாட்டால் வருவாய் பெறுபவர் தொழில்முறை வீரர். தொழில்முறை வீரருக்கு ஒலிம்பிக் கதவு மூடப்பட்டிருந்தது.

இந்த விதியின் நோக்கம் உயர்ந்ததாகவே தோன்றும். பணத்தாசை புகுந்தால் விளையாட்டின் தூய்மை கெடும் என்று அதை ஆதரித்தவர்கள் கருதினர். பந்தயப் பணத்திற்காக வேண்டுமென்றே தோற்பவர்களையும், ஏமாற்றி வெல்பவர்களையும் அவர்கள் கண்டிருந்தனர். 1952ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகள் அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜ் இந்த விதியில் சிறிதும் விட்டுக்கொடுக்காதவர்.

ஆனால், அவ்விதிக்கு மற்றொரு முகமும் இருந்தது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வர் குடும்பங்களில் உருவான கருத்து. அங்கே படகோட்டம் போன்ற சில விளையாட்டுகளில் கைத்தொழில் செய்வோரையும் கூலி வேலை செய்வோரையும் அமெச்சூர் வீரராக ஏற்கவே மறுத்த காலம் உண்டு. தந்தையின் சொத்தில் வாழ்பவருக்குப் பணமில்லாமல் விளையாடுவது எளிது. நாள்கூலியில் வாழும் மரவெட்டியின் மகனுக்கு அது எளிதா? குளிர்காலம் முழுவதும் பயிற்சிக்கும் பயணத்திற்கும் செலவிட்டால், வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? விதி எல்லாருக்கும் ஒன்றே. ஆயினும், அது எல்லார் தோளிலும் ஒரே எடையோடு அமரவில்லை.

ஒலிம்பிக் வெற்றிக்குப் பின் கொலோவின் பெயருக்கு மதிப்புக் கூடியது. பனிச்சறுக்குக் காலணி ஒன்றிலும், பனிச்சறுக்கு மேற்சட்டை ஒன்றிலும் தம் பெயரைப் பயன்படுத்த அவர் ஒப்புக்கொண்டார். இன்று இது அன்றாட நிகழ்ச்சி. வீரரின் பெயர் தாங்காத காலணியும் சட்டையும் கடைகளில் அரிது. ஆனால், அன்று அது விதிமீறல். 1954ஆம் ஆண்டு கொலோ தொழில்முறை வீரராகிவிட்டார் என்று முடிவு செய்யப்பட்டது. பன்னாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ளும் தகுதியை அவர் இழந்தார்.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. பந்தயம் எதிலும் பொய்யாக வெல்லவில்லை. விதி இருக்கிறது என்பதை அறியாதவரும் அல்லர். விதியை மீறினார் என்பது உண்மை. விதி அவருக்கு நியாயமாக இருந்ததா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும்போதுதான் அவர் அடைந்த வேதனை விளங்கும்.

சுடர் ஏந்திய கை

இரண்டு ஆண்டுகள் கடந்தன. போரால் தடைபட்ட கோர்ட்டினா ஒலிம்பிக் ஒருவழியாக 1956இல் நடைபெற்றது. தாய்நாட்டு மக்கள் முன்னிலையில், தாய்நாட்டு மலையில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பு எந்த வீரருக்கும் கனவு போன்றது. கொலோவுக்கு அது கனவாகவே முடிந்தது. ஆனாலும் இத்தாலி அவரை முற்றிலும் மறந்துவிடவில்லை. ஒலிம்பிக் சுடரை மலையிலிருந்து ஏந்தி வரும் பெருமை அவருக்கு அளிக்கப்பட்டது.

கசப்பை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த அழைப்பை அவர் மறுத்திருக்கலாம். அவர் மறுக்கவில்லை. தோஃபானா மலைப் பகுதியிலிருந்து சுடருடன் சறுக்கி இறங்கினார். அவர் கையிலிருந்து சென்ற சுடர் பிறர் கைகள் மாறி விளையாட்டரங்கை அடைந்தது. அங்கே அதை ஏந்திவந்த பனிக்கட்டி வேகச்சறுக்கு வீரர் குயிதோ கரோலி தரையில் கிடந்த மின்கம்பி ஒன்றில் இடறி விழுந்தார். நல்வாய்ப்பாகச் சுடர் அணையவில்லை.

அந்த ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த 20 வயது இளைஞர் டோனி சைலர் மூன்று பந்தயங்களிலும் தங்கம் வென்றார். கொலோ கலந்துகொண்டிருந்தாலும் சைலரை வென்றிருப்பாரா என்பது ஐயமே. வயதும் காலமும் இளைஞரின் பக்கம் இருந்தன. ஆனால், களத்தில் இறங்கித் தோற்பது வேறு. களத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பது வேறு. தோற்பதற்கான வாய்ப்பும் ஒரு வீரரின் உரிமைதானே! அதுவே கொலோவுக்கு மறுக்கப்பட்டது.

மலை அவரைக் கைவிடவில்லை

போட்டி வாழ்க்கை முடிந்ததும் புகழ்பெற்ற வீரர் பலர் பெருநகரங்களுக்குச் சென்றனர். சிலர் திரைப்படங்களில் நடித்தனர். கொலோ மலையிலேயே தங்கினார். பனிச்சறுக்குப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். தாம் கற்றதைச் சிறுவர்க்கும் பெரியவர்க்கும் கற்றுக்கொடுத்தார். வடக்கே ஆல்ப்ஸ் மலையில் உள்ள மதேசிமோ என்னும் ஊரிலும் பனிச்சறுக்குப் பயிற்சி வளர அவர் துணைநின்றார்.

அவர் விட்டுச்சென்ற மற்றொரு செல்வம் சறுக்குப் பாதைகள். மலைச்சரிவில் பாதை அமைப்பது ஒரு கலை. எங்கே பனி நிற்கும், எங்கே காற்று அதை அடித்துச் செல்லும், எந்த இடத்தில் வளைவு வைத்தால் சறுக்குபவருக்கு மகிழ்ச்சி, எந்த இடத்தில் வைத்தால் ஆபத்து என்பதெல்லாம் மலையோடு பழகியவருக்கே தெரியும். மரங்களையும் சரிவையும் சிறுவயது முதல் அறிந்த கொலோவுக்கு அது கைவந்த கலையாயிற்று. அபெத்தோனேயில் உள்ள சில சறுக்குப் பாதைகள் இன்றும் ஸெனோ என்ற பெயரிலேயே வழங்கப்படுகின்றன. ஒரு காலத்தில் அவர் பெயர் ஒரு காலணியில் இருந்ததற்காகத் தண்டனை கிடைத்தது. இன்று அதே பெயர் மலைமேல் எழுதப்பட்டிருக்கிறது.

காலம் மாற்றிய விதி

விதிகள் கல்லில் செதுக்கப்பட்டவை அல்ல. கொலோவுக்குப் பின்னும் பலர் அதே விதியால் பாதிக்கப்பட்டனர். 1972ஆம் ஆண்டு ஜப்பானின் சப்போரோ நகரில் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், ஆஸ்திரிய வீரர் கார்ல் ஷ்ரான்ஸ் இதே காரணத்தால் வெளியேற்றப்பட்டார். அவர் தாயகம் திரும்பியபோது வியன்னா நகரில் பெருந்திரளான மக்கள் கூடி அவரை வரவேற்றனர். மக்களின் மனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை உலகம் கண்டது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் விதி மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1974ஆம் ஆண்டு அமெச்சூர் என்ற சொல்லே ஒலிம்பிக் விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. 1980களில் தொழில்முறை வீரர்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. இன்று பந்தயம் முடிந்ததும் வீரர்கள் தங்கள் பலகைகளைக் கழற்றி, அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் ஒளிப்படக் கருவிக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடிக்கிறார்கள். அதற்காக யாரும் அவர்களைத் தடைசெய்வதில்லை. கொலோ செய்தது அதைவிடச் சிறிய செயல்.

இத்தாலியப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1980களின் இறுதியில் கொலோவின் மீதான பழியை நீக்கியது. அப்போது அவர் எழுபதை நெருங்கும் முதியவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தாமதமாக வந்த நீதி அது. மீண்டும் பந்தயச் சரிவில் நிற்க அதனால் உதவ முடியாது. ஆயினும், பெயரில் படிந்த கறையை அது துடைத்தது. மானத்தை மதிக்கும் மனிதருக்கு அது சிறிய பரிசன்று.

1993ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், பிறந்த மலைப்பகுதியிலேயே, 72ஆம் வயதில் ஸெனோ கொலோ காலமானார். நுரையீரல் புற்றுநோய் அவருடைய உயிரைப் பறித்தது. பின்னர், விண்ணில் சுற்றிவரும் சிறுகோள் ஒன்றுக்கு வானியலாளர்கள் அவருடைய பெயரைச் சூட்டினர். மணிக்கு 159 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தவரின் பெயர் அதைவிடப் பன்மடங்கு வேகத்தில் இன்றும் கதிரவனைச் சுற்றிவருகிறது.

கொலோவின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்கும்போது பதக்கங்கள் மட்டுமே நினைவுக்கு வருவதில்லை. போர் அவருடைய இளமையைப் பறித்தது. விதி அவருடைய களத்தைப் பறித்தது. இரண்டு முறையும் அவர் மலையை விட்டு விலகவில்லை. வெல்லும்போது மலையில் இருந்தார். வெல்ல அனுமதி இல்லாதபோதும் மலையிலேயே இருந்தார். தமக்கு மறுக்கப்பட்ட சரிவில் பிறருடைய பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு துறையை உண்மையாக நேசிப்பவர் யார் என்று அறிவதற்கு, அவர் அதனால் பணம் பெற்றாரா இல்லையா என்று பார்ப்பது சரியான அளவுகோலன்று. அத்துறை அவருக்கு எதையும் தராத நாள்களிலும் அவர் அதனோடு இருந்தாரா என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.